பிள்ளை நோவா, குடல்வால் நோவா? ஒரு நோயறிதலின் வரலாறு

"அவளுக்கு அப்பென்டிக்ஸாம், நாளைக்கு வெட்டப் போகினமாம்." எங்கட ஊர்களில் இப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் அப்பென்டிக்ஸ் என்பது நோயின் பெயர் இல்லை. எல்லாருடைய வயிற்றுக்குள்ளும் பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருக்கிற வால் அது. குடல்வால். அது அடைபட்டு, வீங்கி, சீழ் பிடிப்பதுதான் நோய். பாடப்புத்தகத் தமிழில் குடல்வால் அழற்சி. நேரத்துக்கு வெட்டினால் சில நாட்களில் வீடு. விட்டுவிட்டால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ்.

இந்தக் கட்டுரை அந்த நோயின் முழு வரலாறு இல்லை. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: நோய் வந்தது ஒரு கர்ப்பிணிக்கு என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி சின்னன்தான். ஆனால் அதற்குப் பதில் தேடி வைத்தியம் நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் அலைந்திருக்கிறது, இன்னும் அலைகிறது.

ஏன் இவ்வளவு சிக்கல்? ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். வயிறு நோகுது, சத்தி வருது, சாப்பாட்டில் மனமில்லை. மூன்றும் குடல்வால் அழற்சியின் முதல் அறிகுறிகள். அதே மூன்றும் பிள்ளைத்தாச்சிகளுக்கு வழமையாக வருவதும்தான். சரி, இரத்தத்தைச் சோதிப்போம் என்றால், மற்ற நேரத்தில் வெள்ளைக்கலங்கள் ஒரு மைக்ரோலீற்றருக்கு 11,000 ஐத் தாண்டினாலே சந்தேகப்படுகிற வைத்தியர், கர்ப்பிணியிடம் 15,000, 16,000 ஐயும் சாதாரணம் என்று விடவேண்டியிருக்கிறது. பிரசவ நோ எடுத்துவிட்டால் அது 20,000 ஐயும் தாண்டும். வயிற்றை அமத்திப் பார்த்தால்? கருப்பை வளர வளர வயிற்றுச் சுவரை முன்னுக்குத் தள்ளிவிடுகிறது. பின்னுக்குக் கிடக்கிற குடல்வால் எவ்வளவு அழன்றாலும் அந்தச் சுவரைத் தொடாது. ஆகவே மற்றவர்களுக்கு வருகிற மாதிரி வயிறு பலகையாக இறுகாது. போதாததுக்கு வலது பக்க நோவுக்கு வேறு காரணங்களும் வரிசையாக நிற்கின்றன. சிறுநீரகத் தொற்று (கர்ப்ப காலத்தில் அது வலது பக்கம்தான் கூட), சூலகம் முறுகுவது, சூல்வித்தகம் நேரத்துக்கு முன் கழல்வது, கருப்பையைத் தாங்குகிற நார்கள் இழுபடுவது என்று போகும்.

ஏறக்குறைய 1,500 கர்ப்பங்களுக்கு ஒன்றில் இது நடக்கிறது. கர்ப்பிணிகளுக்கு மகப்பேற்றோடு சம்பந்தமில்லாமல் செய்யப்படுகிற அவசரச் சத்திரசிகிச்சைகளில் முதலிடம் இதற்குத்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பண்டைய மருத்துவர்களுக்குக் குடல்வாலே தெரியாது என்று சொல்லலாம். ஐரோப்பா ஆயிரம் வருடத்துக்கு மேல் நம்பியிருந்த கலென், மனித உடலை அறுத்துப் பார்க்கவில்லை. அவர் அறுத்தது பெரும்பாலும் குரங்குகளை, அந்தக் குரங்குகளுக்குக் குடல்வால் கிடையாது. லியனார்டோ டா வின்சி 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை வரைந்தார், ஆனால் அந்த ஓவியங்கள் அவர் காலத்தில் வெளிவரவில்லை. 1543 இல் வெசேலியஸ் தன் உடற்கூற்று நூலில் படமாகப் போட்டார். 1735 இல் லண்டனில் குளோடியஸ் அமியண்ட் என்ற சத்திரசிகிச்சையாளர், 11 வயதுப் பையன் ஒருவனின் குடலிறக்கத்துக்குள் ஊசி குத்தித் துளைபட்ட குடல்வாலைக் கண்டு வெட்டி எடுத்தார். பதிவான முதல் குடல்வால் நீக்கம் அது. ஆனாலும் அவர் தேடிப் போனது குடல்வாலை அல்ல.

உறுப்பு தெரிந்த பிறகும் அதுதான் குற்றவாளி என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1827 இல் பிரான்சில் மெலியே என்ற இளம் வைத்தியர், வலது பக்க அடிவயிற்றுச் சீழ்க்கட்டிகளுக்குக் காரணம் குடல்வாலாக இருக்கலாம் என்று எழுதினார். ஆனால் பாரிஸின் சத்திரசிகிச்சைச் சக்கரவர்த்தியாக இருந்த டுப்புயித்ரன், இல்லை, கோளாறு பெருங்குடலின் தொடக்கப் பகுதியில்தான் என்றார். பெரியவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த அறுபது வருடம் ஐரோப்பா முழுக்க அந்தப் பகுதியின் பெயரிலேயே நோய்க்குப் பெயர்கள் வைத்துக்கொண்டிருந்தார்கள். (பல்கலைக்கழகத்தில் இருக்கிற எவருக்கும் இந்தக் கதை புதுசாக இராது.)

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் 1848 வருகிறது. லண்டன் சாரிங் குறொஸ் வைத்தியசாலையில் ஹென்றி ஹன்கொக் என்ற சத்திரசிகிச்சையாளர் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். வயது 30, எட்டாம் மாதம். வயிற்று நோ, காய்ச்சல், குறைமாதப் பிரசவம். பிள்ளை பிறந்த பிறகும் நோ குறையவில்லை, வலது அடிவயிறு கல்லு மாதிரி. அந்தக் காலத்து ஒழுங்கு என்னவென்றால், கட்டி பழுத்து, விரலால் அமத்தும்போது உள்ளே சீழ் தளும்புவது தெரிந்தால்தான் கத்தி வைக்கலாம். இந்தப் பெண்ணில் அப்படி ஒன்றும் தளும்பவில்லை. ஹன்கொக் காத்திருக்கவில்லை. குளோரோஃபோம் அறிமுகமாகி ஆறு மாதம்கூட ஆகாத அந்த ஏப்ரலில் அவர் வயிற்றைக் கீறினார். நாற்றமெடுத்த சீழ் வந்தது. இரண்டு கிழமை கழித்து அந்தக் காயத்தின் வழியாக, குடல்வாலுக்குள் அடைபட்டிருந்த இறுகிய மலக்கட்டியும் வெளியே வந்தது. பெண் பிழைத்தாள். சீழ் தளும்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று ஹன்கொக் அதே வருடம் லண்டன் மருத்துவச் சங்கத்தில் வாதிட்டார்.

எங்களுக்கு இதில் பிடிபட்ட விசயம் ஒன்று. குடல்வால் கட்டியை இப்படி வேண்டுமென்றே தேடித் திறந்த முதல் சத்திரசிகிச்சைகளில் ஒன்று நடந்ததே ஒரு கர்ப்பிணியில்தான். பிறகு வந்த பாடநூல்கள் கர்ப்பிணியின் நோயைக் கடைசி அத்தியாயத்தில் 'விசேட நிலைமைகள்' என்று ஒதுக்கின. வரலாற்றில் அவள் முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறாள். பெயர் மட்டும் இல்லை.

இங்கே சின்ன விலகல் ஒன்று. அதே 1848 இல்தான் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயில் பிறகு அதைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, சத்திரசிகிச்சை எல்லாவற்றுக்கும் தமிழ் நூல்கள் வந்தன. அதற்கென்றே கலைச்சொற்கள் உண்டாக்கினார்கள். ஆனால் அந்தச் சொற்களுக்குள் இந்த நோய்க்குப் பெயர் தேடினால் கிடைக்காது. கிறீன் காலமானது 1884 இல். 'அப்பென்டிசைற்றிஸ்' என்ற சொல் ஆங்கிலத்திலேயே பிறந்தது 1886 இல்.

அந்தச் சொல்லை உண்டாக்கியவர் பொஸ்டனைச் சேர்ந்த நோயியலாளர் றெஜினால்ட் ஃபிற்ஸ். கத்தி பிடிக்கிறவர் இல்லை, இறந்தவர்களின் உடலைப் பரிசோதிக்கிறவர். குடல்வால் துளைபட்ட 257 பேரின் விபரங்களைச் சேர்த்து, பெருங்குடல் கோளாறு என்று எழுதப்பட்ட 209 பேரின் விபரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே நோய்தான், வேர் குடல்வாலில் இருக்கிறது, நேரத்தோடு கண்டுபிடித்து வெட்டவேண்டும் என்றார். மூன்று வருடம் கழித்து நியூயோர்க்கின் சார்ள்ஸ் மக்பேர்னி, எந்த இடத்தில் விரலை வைத்து அமத்தவேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், எலும்பிலிருந்து ஒன்றரை தொடக்கம் இரண்டு அங்குலத்தில் அந்தப் புள்ளி. இன்றைக்கும் மருத்துவ மாணவர்களுக்கு முதல் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

1902 இல் இந்த நோய் ஒரு முடிசூட்டு விழாவையே தள்ளிப்போட்டது. ஜூன் 26 முடிசூட இருந்த ஏழாம் எட்வேர்ட் மன்னருக்கு ஜூன் 24 அன்று ஃபிரெட்ரிக் றீவ்ஸ் சத்திரசிகிச்சை செய்து கட்டியிலிருந்து சீழை வடித்தார். ஓகஸ்ட் 9 தான் முடிசூட்டு. இரண்டு வருடத்துக்கு முன் றீவ்ஸின் சொந்த மகள் இதே நோயால் இறந்திருந்தாள். நாட்டிலேயே இந்த நோயை மிகவும் தெரிந்த வைத்தியரின் வீட்டில்.

மன்னருக்குப் பிறகு குடல்வால் எல்லாரும் பேசுகிற விசயமாகிவிட்டது. கர்ப்பிணிகள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 1908 இல் அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் பாப்ளர், அதுவரை பதிவான இருநூறுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளின் விபரங்களைத் திரட்டிப் பார்த்தார். தாய்மாரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இறந்திருந்தார்கள். சிசுக்களில் பத்துக்கு நாலு. பாப்ளரின் முடிவு, இவர்களைக் கொல்வது கர்ப்பமுமில்லை, நோயுமில்லை, தாமதம் என்பது. அவருடைய அந்த வசனத்தை மகப்பேற்று நூல்கள் நூறு வருடமாகத் திருப்பித் திருப்பி எடுத்தாள்கின்றன.

தாமதம் யாருடையது? கர்ப்பிணிக்கு வயிறு நோகும், அது இயல்பு என்று வீட்டில் சொல்வார்கள். வைத்தியரும் அதையே சொல்வார். கத்தி வைத்தால் பிள்ளை போய்விடுமோ என்ற பயம் இரண்டு பக்கமும். அந்தப் பயத்தில் ஒரு நாள் பார்ப்போம் என்று விட, அந்த ஒரு நாளில் குடல்வால் வெடிக்கும். வெடித்த பிறகு பிள்ளையைக் காப்பாற்றுவது பலமடங்கு கஷ்டம். பிள்ளையை நினைத்துத்தான் காத்திருந்தார்கள், காத்திருந்ததாலேயே பிள்ளையும் போனது.

சரி, தாமதிக்கக்கூடாது. ஆனால் எங்கே அமத்திப் பார்ப்பது? மக்பேர்னியின் புள்ளி கர்ப்பமில்லாத உடலுக்குக் குறித்தது. இங்கேதான் இந்த வரலாற்றில் எங்களை மிகவும் இழுத்த பகுதி வருகிறது.

1932 இல் சிக்காகோவில் பெயர், றைஸ், ஏரன்ஸ் என்ற மூன்று வைத்தியர்கள், நோயே இல்லாத 78 கர்ப்பிணிகளுக்குப் பேரியம் குடிக்கக் கொடுத்து, மாதத்துக்கு மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவர்கள் கண்டது: மூன்றாம் மாதம் வரைக்கும் குடல்வால் பழைய இடத்தில்தான். பிறகு வளர்கிற கருப்பை அதை மேலே தள்ளுகிறது. ஐந்து, ஆறு மாதமளவில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டத்துக்கு வந்து, கடைசி மாதங்களில் விலா எலும்புப் பக்கம் போகிறது. நுனியும் கீழ்நோக்கி இருந்தது திரும்பிக் கிடையாகி, பிறகு மேல்நோக்கி நிற்கிறது. பிள்ளை பிறந்து பத்து நாளில் எல்லாம் பழையபடி.

இதை அவர்கள் ஒரு படமாகப் போட்டார்கள். கர்ப்பிணியின் வயிறு, அதில் மூன்று, நாலு, ஐந்து என்று மாத எண்கள் ஏணிப்படி மாதிரி மேலே ஏறும். அழகான படம், ஒருக்கால் பார்த்தால் மறக்காது. அதனால்தானோ என்னவோ, எழுபது வருடமாகப் பாடநூலிலிருந்து பாடநூலுக்குப் பெயர்த்துப் போட்டார்கள். ஏழாம் மாதக் கர்ப்பிணிக்குக் குடல்வால் அழற்சி என்றால் நோ மேலே இருக்கவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள்.

அந்த 78 பெண்கள் எதற்குச் சம்மதித்தார்கள், அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்ற கேள்வி வராமல் இல்லை. 1930களில் எக்ஸ்ரே கர்ப்பத்துக்குப் பெரிய ஆபத்து என்று யாரும் நினைக்கவில்லை. 1956 இலும் 1958 இலும் ஒக்ஸ்ஃபோர்டில் அலிஸ் ஸ்ருவேர்ட், கருவில் இருக்கும்போது எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளுக்குப் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று காட்டினார். அவரை நம்பவே வைத்திய உலகத்துக்கு இருபது வருடம் பிடித்தது. ஆகவே 1932 இன் ஆய்வைத் திருப்பிச் செய்து சரிபார்க்க இனி ஒருவராலும் ஏலாது. சரிபார்க்க ஏலாத படம் சட்டமாகிவிட்டது.

1951 இல் நிக்கலஸ் அல்டேர்ஸ் வேறு வழியில் யோசித்தார். கருவி ஒன்றும் வேண்டாம். கர்ப்பிணியை நிமிர்த்திப் படுக்கவைத்து எங்கே நோகிறதோ அங்கே விரலை வையுங்கள். விரலை எடுக்காமல் அவளை இடது பக்கம் திரும்பச் சொல்லுங்கள். கருப்பை பாரத்தில் இடது பக்கம் சரியும். நோவும் அதோடு சேர்ந்து போனால் அது கருப்பையின் நோ. விரலுக்குக் கீழேயே நின்றால் வேறெங்கோ கோளாறு, குடல்வாலாக இருக்கலாம். பௌதிகமும் பொது அறிவும்.

2000 ஆம் ஆண்டில் பழைய படத்தின் மேல் முதல் பெரிய கல் விழுந்தது. அமெரிக்காவில் மூராட்டும் கூட்டாளிகளும் 66,993 பிரசவங்களின் பதிவுகளைத் தோண்டினார்கள். குடல்வால் அழற்சி என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 67 பேர், அது உறுதியானது 45 பேருக்கு. அவர்களில் பெரும்பாலானோருக்கு நோ இருந்தது எங்கே? வலது அடிவயிற்றில். முதல் மூன்று மாதத்தில் 86 சதவீதம், நடு மூன்றில் 83, கடைசி மூன்றில் 85. அதாவது ஏணிப்படி ஏறவே இல்லை. காய்ச்சலையும் வெள்ளைக்கலங்களையும் வைத்து முடிவெடுக்கவும் முடியாது என்று அவர்கள் கண்டார்கள்.

மேலே நோகவில்லை, ஆகவே இது குடல்வால் இல்லை என்று அந்த எழுபது வருடத்தில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்? எண்ணிக்கை எங்கேயும் இல்லை. பாடநூலை ஒழுங்காகப் படித்த வைத்தியர்தான் அந்தப் பிழையை விட்டிருப்பார் என்பதை யோசிக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

இதோடு பெயர் குழுவினர் பொய்த்துவிட்டார்கள் என்று முடிக்க எங்களுக்கு ஆசைதான். அது நியாயமில்லை. 2003 இல் ஈரானின் ஷிராஸ் நகரத்து வைத்தியர்கள், சிசேரியன் நேரத்தில் குடல்வால் கிடக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்து, பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் 2006 இல் கர்ப்பிணிகளின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்த வேறொரு குழு, இல்லை, மாதம் போகப் போக மேலே ஏறத்தான் செய்கிறது என்றது. குடல்வால் இருக்கிற இடமும் நோ தெரிகிற இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சரியாக இருக்கலாம். 1932 இல் அளந்தது நோயில்லாத பெண்களின் உறுப்பை. 2000 இல் கேட்டது நோயுள்ள பெண்களிடம், எங்கே நோகுது என்று. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

ஸ்கான் வந்த பிறகாவது பிரச்சினை தீர்ந்ததா? கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் 1958 இல் வயிற்றுக்குள் அல்ட்ராசவுண்டால் பார்க்கலாம் என்று காட்டினார். ஆனால் குடல்வாலைப் பார்க்க முடியவில்லை, குடலில் இருக்கிற வாயு படத்தை மறைத்துவிடும். 1986 இல், ஃபிற்ஸ் பெயர் வைத்துச் சரியாக நூறு வருடம் கழித்து, நெதர்லாந்தின் ஜுலியன் புய்லார்ட் ஒரு எளிய வழி கண்டார். கருவியை வயிற்றில் மெல்ல மெல்ல அமத்தினால் மற்றக் குடல்கள் நசிந்து விலகும், அழன்ற குடல்வால் மட்டும் நசியாமல் நிற்கும். நல்ல யோசனை. ஆனால் எட்டு மாத வயிற்றை எவ்வளவுதான் அமத்துவது? கடைசி மாதங்களில் பல நேரம் குடல்வால் தெரியாமலே போய்விடுகிறது. ஸ்கானில் 'தெரியவில்லை' என்று வருவதும் 'நோய் இல்லை' என்பதும் ஒன்றல்ல.

எம்.ஆர்.ஐ. யில் அந்தக் கரைச்சல் குறைவு. அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை; கர்ப்பிணிக்குச் சாய மருந்து ஏற்றாமலே எடுக்கிறார்கள். 2006 இல் பொஸ்டனில் 51 கர்ப்பிணிகளுக்கு எடுத்துப் பார்த்தபோது உண்மையாக நோய் இருந்த நால்வரையும் அது பிடித்தது. நாலு பேர் என்பது சின்ன எண்தான், பிறகு வந்த ஆய்வுகளும் அதே பக்கம் சாய்ந்தன.

பாப்ளரின் வழியில் போனால் சந்தேகம் என்றாலே வெட்டு என்றுதான் முடிவு. நூற்றாண்டு முழுக்க அதைத்தான் செய்தார்கள், அதனால் நிறைய உயிர்கள் தப்பின. 2007 இல் கலிபோர்னியாவில் குடல்வால் நீக்கிய 3,133 கர்ப்பிணிகளின் தரவுகளை வைத்து மக்கோரி குழுவினர் இன்னொரு கணக்கைக் காட்டினார்கள். வெட்டிப் பார்த்தபோது குடல்வால் நல்லாக இருந்தவர்கள் 23 சதவீதம். சிசு இழப்பு சாதாரண அழற்சியில் 2 சதவீதம், சிக்கலான அழற்சியில் 6. ஒன்றுமே இல்லாமல் வெட்டியவர்களில் 4. நோவின் உண்மையான காரணம் வேறொன்றாக இருந்து, அதுதான் பிள்ளையைப் பாதித்ததா, இல்லை கத்தியா என்று அந்த எண் சொல்லாது. ஆனால் சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடினால் நட்டமில்லை என்ற பழைய ஆறுதல் அதோடு போய்விட்டது. பொறுத்தாலும் ஆபத்து, அவசரப்பட்டாலும் ஆபத்து.

இப்போது பெரிய வைத்தியசாலைகளில் வரிசை இதுதான்: முதலில் அல்ட்ராசவுண்ட், தெளிவில்லையென்றால் எம்.ஆர்.ஐ., அதுவும் கிடைக்காமல் ஆபத்து கூடினால் சி.ரி. ஸ்கான். ஒரு சி.ரி. யின் கதிரளவு சிசுவுக்குக் கேடு தெரிகிற அளவுக்குக் கீழேதான் என்று இன்று ஒத்துக்கொள்கிறார்கள், துளைபட்ட குடல்வாலை விட அது எவ்வளவோ மேல். எம்.ஆர்.ஐ. இல்லாத ஊரில், இரவு இரண்டு மணிக்கு, கடமையில் இருக்கிற வைத்தியருக்கு 1951 இன் வழி இன்னும் கையில் இருக்கிறது. அமத்தி, இடது பக்கம் திரும்பச் சொல்லி, நோ எங்கே நிற்கிறது என்று அவளிடமே கேட்பது. சில மணித்தியாலம் கழித்துத் திரும்ப வந்து அதையே இன்னொரு தரம் கேட்பது.